கலைஞ்சு போங்க

அந்தப் பை இருக்கட்டும் தம்பி, எடுக்க வேண்டாம். நான் காலக் கொஞ்சம் ஒடுக்கிக்கிடுதேன். சித்திரை வெயிலு, ஜன்னல் பக்கம் அனலா அடிக்கும், துண்டு இருந்தா தொங்கவிட்டுக்கோங்க. என்ன, பெட்டில ஒட்டியிருக்க காயிதத்தப் பாக்கீகளா? அமெரிக்கால இருந்து வாரேன். போஸ்டன்ல ஏறி, துபாய்ல மாறி, மதுரைல எறங்கி, மாட்டுத்தாவணில இந்த பஸ்ஸப் புடிச்சாச்சு. வழி பூரா ஒரு மனுசன்ட்ட வாயத் திறந்து பேசல. அதான் நீங்க உக்காரதுக்குள்ள ஆரம்பிச்சுட்டேன். தப்பா நெனைக்காதீக.

என் பேரு அய்யலுசாமி, கோவில்பட்டிக்காரன். பொழப்புக்கு தீப்பெட்டி ஆபீஸ்ல சூப்பர்வைசர். ஆனா அப்படிச் சொன்னா ஊருல ஒருத்தனுக்கும் தெரியாது. ஊர்க்காவல் அய்யலுசாமின்னு கேட்டாத்தான் வீட்டக் காட்டுவான். ஊர்க்காவல் படை தெரியும்ல? போலீஸ் இல்ல தம்பி, சட்டை மட்டும் போலீஸ் மாதிரி. ஞாயித்துக்கெழம பரேடு. தேரு, எலெக்சன், கலவரம்னா பந்தோபஸ்து. மத்த நாளெல்லாம் அவனவன் பொழப்பு. எங்க பிரிவுல டெய்லர் இருந்தாரு, சலூன் வச்சிருந்தவரு இருந்தாரு, டியூசன் எடுக்க வாத்தியாரு ஒருத்தரு இருந்தாரு. கையில கம்பு, வாயில விசிலு, அவ்வளவுதான்.

போலீஸ்காரனுக்கு எங்களக் கண்டா எளக்காரம். 'ஏ ஊர்க்காவலு, நாலு டீ சொல்லிட்டு வாய்யா'ம்பான். சொல்லிட்டு வருவோம். ஆனா கூட்டம்னு வந்துட்டா நாங்கதான் முன்னால நிக்கணும். இன்ஸ்பெக்டர் பின்னால ஜீப்பு மேல நின்னுக்கிட்டு 'டிஸ்பெர்ஸ்'னு ஒரு கத்து கத்துவாரு. அந்தச் சொல்லு காதுல விழுந்தாப் போதும், கம்பக் குறுக்க புடிச்சு, 'கலைஞ்சு போங்க, கலைஞ்சு போங்க, நிக்காதீக'ன்னு கூட்டத்துக்குள்ள எறங்கிருவேன். அடிக்க மாட்டேன் தம்பி. நெஞ்சுக்குக் குறுக்க கம்ப வச்சு நகட்டுறதோட சரி. செண்பகவல்லி அம்மன் கோயில் தேரு அன்னைக்கு நான் நகட்டாத ஆளு கோவில்பட்டில கெடையாது. இருபத்தாறு வருசம். தூக்கத்துல டிஸ்பெர்ஸ்னு யாராவது சொன்னா நீங்க என்னயவே வீட்ட விட்டுக் கலைச்சு விட்டுருவீகன்னு எம் பொஞ்சாதி சொல்லுவா.

அவ போயி ரெண்டு வருசமாச்சு. நல்லவ. அத விடுங்க.

ஒரே பையன், பிரசன்னா. கம்ப்யூட்டர் வேலை. போஸ்டன் பக்கத்துல சின்ன ஊரு, அந்தப் பேரு எனக்கு இன்னமும் வாயில நுழையல. மருமக ஹரிணியும் வேலைக்குப் போறா. போன கார்த்திகைல பையன் போன் பண்ணி, 'அப்பா, நீங்க வந்து கொஞ்ச நாள் இருந்தா நல்லாருக்கும்ப்பா'ன்னான். அவன் அம்மா இருந்தப்பக்கூட கூப்பிடாத பய. வீட்டுல வேலை நடக்குதாம். பேஸ்மென்ட்னு கீழ ஒரு தளம் இருக்குமுல்ல, அத ரூம்பாக்குறாக. ஆளுக வரப் போக இருப்பாக, ரெண்டு பேரும் ஆபீஸ் போயிருவாக, கதவத் திறந்து விட வீட்டு ஆளு ஒண்ணு இருந்தா நல்லதுன்னு சொன்னான். பாருங்க, அத்தன செலவு பண்ணி ஆளு போட முடியாதா அவனால? அப்பாவக் கூப்பிட ஒரு சாக்கு வேணும் பாவம், அதச் சொல்லிக் கூப்பிட்டான்.

உங்ககிட்டச் சொல்றதுக்கென்ன, நான் திரும்பி வர்ற எண்ணத்துல போகல. கேஸ் அடுப்பப் பக்கத்து வீட்டு அம்மாவுக்குக் குடுத்துட்டேன். கட்டிலு, பீரோ எல்லாம் ஆளுக்கொண்ணா எடுத்துக்கிட்டாக. வீட்டுல இப்ப ஒரு பாயும் ரெண்டு குடமும்தான் கெடக்கும். விசாவுல ஆறு மாசம்னுதான் முத்திரை குத்துவான், அது எனக்கும் தெரியும். ஆனா பெத்தவுகளக் கூடவே வச்சுக்கிடதுக்கு அங்க வழி இருக்காம்ல, பிள்ளை எழுதிக் குடுத்தா நடக்குமாம்ல. 'இனிமே இங்கயே இருந்துருங்கப்பா'ன்னு அவன் வாயால ஒரு தடவ சொன்னாப் போதும்னு இருந்தேன். ஒரே ஒரு தடவ.

வீடு அருமையான வீடு. எனக்குத் தனி ரூம்பு குடுத்தாக, அந்தப் பேஸ்மென்ட்லயே. அந்தப் பக்கம் வேலை நடக்கும், இந்தப் பக்கம் எனக்குக் கட்டிலு. வெளிய போக வரத் தனி வாசலு. மேல இருந்து யாரும் எறங்கி வந்து நம்மளத் தொந்தரவு பண்ண மாட்டாக. காலைல அவுக கார் கெளம்புற சத்தம் கேட்டா, சரி விடிஞ்சிருச்சுன்னு எந்திரிப்பேன். ஹரிணி தங்கமான பிள்ள, ஒரு வார்த்தை எதுத்துப் பேசாது. ஒரு வார்த்தையும் பேசாது. அவ்வளவு மரியாதை.

அப்பத்தான் பைப்பு வேலைக்கு ஒருத்தரு வந்தாரு. டக்ளஸ். நம்ம நாசரேத்துப் பக்கம் கிறிஸ்தவங்க வைக்கிற பேரு மாதிரி இல்ல? வெள்ளைக்காரரு, என் வயசு இருக்கும், பனை மரம் மாதிரி ஆளு. என் இங்கிலீசு பரேடு இங்கிலீசுதான தம்பி, அட்டென்சன், ஸ்டாண்ட் அட் ஈஸ், டிஸ்மிஸ். அத வச்சுக்கிட்டே பேசுவேன். நான் டீ போட்டுக் குடுப்பேன், அவரு குழாய்க்கு அடியில படுத்துக்கிட்டே குடிப்பாரு. என்னய சாமின்னு கூப்பிடச் சொன்னேன், அது அவரு வாயில சாம்மின்னு வந்துச்சு. ஒரு நாளு செவுத்துல சாத்தி வச்சிருந்த ஒரு கம்ப எடுத்து நான் ஊர்க்காவல்ல எப்படி நிப்பேன்னு நின்னு காமிச்சேன். மனுசன் குழாய விட்டுட்டு எந்திரிச்சு உக்காந்துட்டாரு. போன எடுத்து ஒரு போட்டோவக் காமிச்சாரு. பழைய காலத்துத் தொப்பி, நீளக் கோட்டு, கையில துப்பாக்கி. அவரும் ஊர்க்காவல்தானாம்.

கேளுங்க, இது நல்ல கதை. அந்தக் காலத்துல அந்த ஊருகள்ல எல்லாம் ஊர்ப் பட்டாளம்னு ஒண்ணு இருந்திருக்கு. விவசாயி, செருப்புத் தைக்கவரு, மரவேலை பாக்கவரு, எல்லாம் ஊரு நடுவுல இருக்க புல்லு மைதானத்துல கூடிப் பரேடு பண்ணியிருக்காக. தலைவர அவுகளே கை தூக்கித் தேர்ந்தெடுப்பாகளாம். நம்ம ஊர்ல அது நடக்குமா? ஆளுறது இங்கிலாந்து ராசா. வரி தகராறு, டீத்தூளக் கடல்ல கொட்டுன தகராறு. அந்த டீத்தூளு யாருதுன்னு நெனைக்கீக, நம்மள ஆண்டான்ல கம்பெனிக்காரன், அவன் டீத்தூளுதான். இந்த ஊர்ப் பட்டாளத்துக்காரங்க வெடிமருந்து, குண்டு எல்லாம் கான்கார்டுன்னு ஒரு ஊருல சேத்து வச்சிருக்காகன்னு தெரிஞ்சு, அதப் புடுங்க ராசாவோட சம்பளப் பட்டாளம் எழுநூறு பேரு போஸ்டன்ல இருந்து நடந்து வாரான். செவப்புக் கோட்டு. போற வழியில லெக்சிங்டன்னு ஒரு ஊரு. கோயில் மணி அடிச்சு, தப்பு அடிச்சு, ஊருக்காரங்க எழுவது எம்பது பேரு மைதானத்துல வந்து நிக்காக. எழுநூறுக்கு எம்பது. எதிர்ல அதிகாரி குதிரை மேல இருந்து கத்துறான்.

என்ன சொல்லிக் கத்துனான்னு நெனைக்கீக? டிஸ்பெர்ஸ். அதே சொல்லு தம்பி. எங்க இன்ஸ்பெக்டர் கத்துன அதே சொல்லு. எனக்கு மயிரு கூச்செறிஞ்சுருச்சு.

யாரு மொதல்ல சுட்டான்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாதாம். எட்டுப் பேரு அங்கயே போயிட்டாக. ஆனா சங்கதி பக்கத்து ஊரு, அதுக்கு அடுத்த ஊருன்னு பரவி, எல்லா ஊர்ப் பட்டாளமும் கெளம்பிருச்சு. கான்கார்டுல ஒரு பாலத்துல வச்சு செவப்புக் கோட்டுக்காரன மறிச்சுத் திருப்பி விட்டாக. அவன் திரும்பிப் போற வழி பூரா கல்லுச் செவுத்துக்குப் பின்னால இருந்து சுட்டுருக்காக. சாயங்காலத்துக்குள்ள சம்பளப் பட்டாளம் உசுரக் கையில புடிச்சுக்கிட்டு போஸ்டனுக்கு ஓடிப் போச்சு. அங்கன தொடங்குனதுதானாம் அமெரிக்கா சொதந்திரம். செருப்புத் தைக்கவரும் விவசாயியும் தொடங்கி வச்சது. எனக்கு அழுகையே வந்துருச்சு. நாலு டீ சொல்லிட்டு வாய்யான்னு எங்களச் சொன்ன அத்தன போலீஸ்காரன் மூஞ்சியும் கண்ணு முன்னால வந்து போச்சு.

டக்ளஸ் ஊர்லயும் வருசா வருசம் ஏப்ரல்ல அத நடிச்சுக் காமிப்பாக. அவருதான் தலைவரு. சனிக்கெழம சனிக்கெழம ஒத்திகை. வாங்க சாம்மின்னு கூப்பிட்டாரு. போனேன் தம்பி. அந்தக் குளிர்ல ரெண்டு ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு போனேன். துப்பாக்கி தர மாட்டாக, அதுக்குப் பயிற்சி வேணும். ஒரு கோட்டும் தொப்பியும் குடுத்து, கையில ஒரு கம்பக் குடுத்து, வரிசைல கடைசியா நிக்கச் சொன்னாரு. துப்பாக்கி இல்லாதவனும் அன்னைக்கு வந்து நின்னான்னாரு. வேலை சின்ன வேலை. எதிராளி டிஸ்பெர்ஸ்னு கத்துவான், நம்ம தலைவரும் கலையச் சொல்லுவாரு, ஆனா நாம சட்டுன்னு ஓடக்கூடாது. நிக்கணும். அவனப் பாத்துக்கிட்டு நிக்கணும். வெடிச் சத்தம் கேட்ட பெறகுதான் எடது பக்கம் சர்ச்சப் பாத்து நகரணும். ஒத்திகைல ஒழுங்காத்தான் நின்னேன். ஒத்திகைல அவுக கத்த மாட்டாக, சும்மா கையக் காமிப்பாக, அதுதான் வினை.

வீட்டுல சொன்னப்ப பையன், 'எதுக்குப்பா இதெல்லாம், குளிர்ல'ன்னான். அக்கறை. ஆனா ஹரிணி ஆபீஸ்ல இருக்கவுக பாக்க வாராகன்னதும் ரெண்டு பேரும் கெளம்பி வந்துட்டாக. எனக்கு அன்னைக்கு இருந்த சந்தோசம் சொல்லி மாளாது. ஊரு நடுவுல, ஊருக்காரங்களோட வரிசைல நம்ம அப்பா நிக்காரு, இதப் பாத்தா அவனுக்கும் தோணுமுல்ல, இவரு எங்கயும் ஒட்டிக்கிடுவாரு, இருந்துட்டுப் போகட்டும்னு. அந்த நெனப்பு எனக்கு இருந்துச்சு. இல்லைன்னு சொன்னா பொய்.

நல்ல வெயிலு. மைதானத்தச் சுத்திக் கயிறு கட்டி அந்தப் பக்கம் ஐநூறு பேரு இருப்பாக. மடக்கு நாற்காலி, பிள்ளை வண்டி, நாய்க்குட்டி. தப்பு அடிச்சாச்சு, நாங்க வரிசை கட்டியாச்சு. எதிர்ல செவப்புக் கோட்டு வரிசை வருது. அதுக்குத் தலைவரு நெசத்துல பல்லு டாக்டரு, சின்ன மனுசன், ஆனா என்ன தொண்டை தெரியுமா. வாள உருவுனாரு. மைதானம் அதிர்ற மாதிரி கத்துனாரு.

டிஸ்பெர்ஸ்.

தம்பி, எனக்கு அந்தச் சொல்லு கேட்டது மட்டும்தான் தெரியும். கம்பு கையில தானாக் குறுக்க திரும்பிருச்சு. வரிசைல நின்னவன் ஒரு அபவுட் டேர்ன் போட்டுப் பின்னால திரும்பி, கயித்தத் தாண்டி, வேடிக்கை பாக்க வந்த கூட்டத்துக்குள்ள எறங்கிட்டேன். 'கலைஞ்சு போங்க, கலைஞ்சு போங்க, நிக்காதீக, நடந்துக்கிட்டே இருங்க'ன்னு. பூராத் தமிழ்தான். அவுகளுக்கு என்ன தெரியும், இதுவும் நாடகம்னு நெனைச்சுட்டாக. ஒழுங்கான சனம் தம்பி, நாற்காலிய மடக்கிக்கிட்டு, பிள்ளை வண்டியத் திருப்பிக்கிட்டு, சாரி சாரின்னு சொல்லிக்கிட்டே ரோட்டப் பாத்து நடக்குது. பாதிக் கூட்டம் கலைஞ்சிருச்சு. பின்னால படபடன்னு வெடிக்குது, புகை கெளம்புது, எட்டுப் பேரு புல்லுல விழுந்து கெடக்காக, பாக்க ஆளில்ல. அத்தன பேரும் முதுகக் காமிச்சுக்கிட்டுப் போறாக.

கடைசியா ஒருத்தன் மட்டும் நகர மாட்டேங்கான். நெஞ்சுக்குக் குறுக்க கம்ப வச்சுத் தள்ளுனேன். 'அப்பா, நான்தான்ப்பா'ங்கான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? 'யாரா இருந்தாலும் நகருங்க'ன்னேன். இருபத்தாறு வருசப் பழக்கம். தேரு அன்னைக்குச் சொந்தக்காரன், தெரிஞ்சவன் எல்லாரும் வந்து நிப்பான்ல, அவுகளுக்குச் சொல்றது. அவன் என் மூஞ்சியப் பாத்துக்கிட்டே ரெண்டு எட்டு பின்னால வச்சான். அப்பத்தான் தம்பி எனக்கு மகன்னு தெரிஞ்சுது. ஹரிணி பக்கத்துல அவ ஆபீஸ்காரங்க சிரிக்காக. அவ சிரிக்கல.

வீட்டுக்கு வந்து ராச் சாப்பாட்டுக்கு மேல கூப்பிட்டான். மேல உக்காந்து சாப்பிட்டது அன்னைக்குத்தான், தோசை. சாப்பிட்டு முடிச்சதும், 'அப்பா, பேஸ்மென்ட் வேலையும் முடிஞ்சிருச்சு. உங்களுக்கு டிக்கெட் போட்டாச்சு, அடுத்த வாரம்'னான். நான், 'இன்னைக்கு நடந்ததுக்காகவாப்பா?'ன்னு கேட்டேன். 'சேச்சே, இல்லப்பா. டிக்கெட் போன மாசமே போட்டுட்டேன், சொல்ல நேரமில்ல'ங்கான்.

பாத்தீகளா அவன் மனச? நான் பண்ணுன கூத்துக்காகத்தான் அனுப்புறான். அதச் சொன்னா எனக்கு நோகும்னு போன மாசமே போட்டதாச் சொல்றான். எத்தன பிள்ளைக்கு அந்த மனசு வரும்? நான் மட்டும் அன்னைக்கு ஒழுங்கா நின்னிருந்தா இந்நேரம் அங்கதான் இருப்பேன். அந்த ஒத்தைச் சொல்லுதான் என்னயக் கவுத்துச்சு.

என்ன தம்பி அப்படிப் பாக்கீக? இல்ல இல்ல, அவன் பொய்தான் சொன்னான். எம் பிள்ளைய எனக்குத் தெரியாதா?

அப்ப நான் 'சரிப்பா'ன்னேன். கீழ போயி பெட்டியக் கட்ட ஆரம்பிச்சுட்டேன். எனக்கு வேற தெரியாது தம்பி. போன்னு மத்தவனச் சொல்லத் தெரியும், போன்னா போகத் தெரியும். நிக்கத் தெரியாது. நான் இங்கதாம்ப்பா இருக்கணும்னு ஆசைப்படுதேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்துச்சு. என்னன்னு சொல்ல, தோசைத் தட்டக் கழுவி வச்சுட்டு எறங்கிட்டேன்.

டக்ளஸ்கிட்டப் போயி மன்னிப்புக் கேட்டேன். அந்த மனுசன் விழுந்து விழுந்து சிரிக்காரு. இருநூத்தம்பது வருசமா செவப்புக் கோட்டுக்காரன் சொன்னத இவ்வளவு சுத்தமா நிறைவேத்துன ஆளு நீதான்னாரு. பெறகு ஊருக்குப் போறேன்னதும் சிரிப்ப நிறுத்திட்டாரு. அடுத்த ஏப்ரல்ல வா சாம்மி, என் பக்கத்துல நில்லு, நான் உன் கோட்டப் புடிச்சுக்கிடுதேன், நகர விட மாட்டேன்னாரு. வாரேன்னு சொன்னேன். யாரு கூப்பிட்டாகன்னு பாருங்க. குழாய் மாட்ட வந்த மனுசன்.

ஏர்போர்ட்டுக்குப் பிரசன்னாதான் கொண்டுவந்து விட்டான். வண்டிய ரொம்ப நேரம் நிப்பாட்ட விட மாட்டாக அங்க. பெட்டிய எறக்கி வச்சான். உடம்பப் பாத்துக்கோங்கப்பான்னான். பின்னால ஒரு போலீஸ்காரன், கருப்பு ஆளு, கையக் கையக் காமிச்சு, நகரு நகருங்கான். பிரசன்னா சின்னப் புள்ளையில தேரு பாக்க என் தோளு மேல உக்காந்து வந்த பய தம்பி. நான்தான், 'நீ கெளம்புப்பா, அவரு டூட்டிய அவரு பாக்காரு'ன்னேன். போயிட்டான்.

இருங்க, கண்டக்டர் வாராரு.

என்ன சார்? கோவில்பட்டி டிக்கெட்டுதான். ஆமா, தாண்டிருச்சு. நீங்க கத்துனீக சார், ரெண்டு தடவ கத்துனீக, உங்க மேல தப்பே இல்ல. கயத்தாறுல எறங்கி எதுத்த பஸ்ஸு புடிக்கணுமா? சரிதான்.

பாருங்க தம்பி, நீங்க சொல்லலாம்ல பெருசு உங்க ஊரு வந்துருச்சுன்னு? இல்ல, நீங்க என்ன பண்ணுவீக, நான் எங்க உங்களப் பேச விட்டேன். எனக்கும் கேட்டுச்சு. நல்லாக் கேட்டுச்சு. பஸ் ஸ்டாண்டுல நின்னப்ப பாத்தேன், நம்ம டீக்கடை, ஆட்டோக்காரப் பயலுக, எல்லாம் தெரிஞ்ச மூஞ்சிதான். எறங்கணும்னுதான் நெனைச்சேன். நெனைச்சுக்கிட்டே உக்காந்திருந்தேன்.

சார், கயத்தாறு வேண்டாம், திருநவேலிக்கே ஒரு டிக்கெட் போட்டுருங்க. அங்க யாரு இருக்காகன்னு கேக்கீகளா? அங்கயும் யாரும் இல்ல சார். இந்தத் தம்பி அது வரைக்கும் வாராக.